மீன்களுக்குப் பெரட்டு

கூனன் தேயிலைத் தோட்டத்தின் கீழ்லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குழாயைத் திறந்தால் முதலில் வருவது காற்று. நாட்பட்ட இருமல்காரர் மூச்சு வாங்குவது போல இழுத்து இழுத்து வரும். அப்புறம் சாயத் தண்ணீர் நிறத்தில் ஒரு வாய்த் தண்ணீர். அப்புறம் மறுபடியும் காற்று. மாசியிலும் பங்குனியிலும் அந்த ஒரு வாயும் கிடையாது. குடங்களை வரிசையில் வைத்து, யாருடைய குடம் முதல் என்று சண்டை தொடங்கி, அது சூடு பிடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடும். சண்டை மட்டும் மாலை வரைக்கும் தடையில்லாமல் ஓடும்.

அந்தத் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் ராக்காயியின் வேலை. அவர் குடியிருப்பதும் அதே கீழ்லயத்தில்தான்.

பேப்பரில் அந்தத் தோட்டத்துக்கு ஸ்ட்ராத்பெல் என்று பெயர். கூன் விழுந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஒரு காலத்தில் அதை ஆண்டார் என்பதால் சனங்களுக்கு அது கூனன் தோட்டம். இலங்கை மலையகத்தின் றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தால், ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டு, மிச்சத்தை நடந்து பார்க்கச் சொல்வார். பாதை அப்படி.

ராக்காயி முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். மழைநாள் ஒன்றில் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. இனி இவரால் மலை ஏற முடியாது என்று தோட்டத்து வைத்தியர் எழுதிக் கொடுத்தார். மலை ஏற முடியாதவரை எங்கே போடுவது என்று நிர்வாகம் நன்றாக யோசித்து, மலை உச்சியில் இருக்கும் சின்ன அணைக்கு தினமும் ஏறிப் போய் வால்வு திறக்கும் வேலையில் போட்டது. அதற்கு லேசு வேலை என்று பெயர். இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியும் கொடுத்தார்கள். நல்லதாகப் போயிற்று, ஏறும்போது ஊன்றிக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது.

அணையிலிருந்து புறப்படுவது ஒரே குழாய். அது முதலில் ஃபெக்டரிக்குப் போகிறது. அடுத்தது பழைய துரை பங்களா. இப்போது அது வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் ஹோட்டல். அங்கே ஒருவர் கழுத்தளவு நீரில் படுத்துக்கொண்டு மலையைப் பார்த்தால், அந்தத் தொட்டித் தண்ணீரில் ஒரு குடும்பம் நாலு நாள் சமைத்துக் குளிக்கலாம். மூன்றாவது மேல்லயம். கடைசி கீழ்லயம். தண்ணீர் குறைந்தால் கடைசி வால்வை முதலில் மூடவேண்டும் என்பது விதி. யார் போட்ட விதி என்று யாருக்கும் தெரியாது. தெரியாத விதியைத்தான் இந்த நாட்டில் யாரும் மாற்ற முடியாது.

ஆகவே வறட்சி தொடங்கியதும் ராக்காயி தன் வீட்டுத் தண்ணீரைத் தன் கையாலேயே மூடிவிட்டு இறங்கி வருவார். காலிக் குடங்களோடு நிற்கிறவர்களைக் கடந்துதான் தன் காம்பராவுக்குள் நுழைய வேண்டும். பக்கத்துக் காம்பரா சிசிலி. இருவருக்கும் நடுவே ஒற்றைச் சுவர்.

“வாங்க வால்வம்மா! மேல என்னா சத்தம் கேட்டுச்சு, இடியா, இல்ல நம்ம குழாயைப் பூட்டுற சத்தமா?”

“ஏன்டி சிசிலி, நானா ஆத்தை வத்த வச்சேன்?”

“வத்த வைக்கல. பூட்டி வச்சிருக்க. சாவி யாரு கையில இருக்கு?”

அதோடு சிசிலி பேச்சை நிறுத்திவிட்டார். நேராகப் பேசுவதைத்தான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ராக்காயிக்கு நன்றாகக் கேட்கும்படி, தன் கோழியிடம் பேசத் தொடங்கினார். “உனக்குத் தாகமா இருக்காடி? பொறு. பக்கத்து வீட்டு மகாராணிக்கு மனசு வரணும்.” இரண்டு மாதம் அந்தக் கோழி இப்படி உலக விவகாரம் முழுதும் கேட்டுத் தெரிந்துகொண்டது.

வேறு யாராவது மூடினால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மூடுகிற கை நம்முடையதாக இருந்தால் யாரைத் திட்டுவது? ராக்காயி ஒருநாள் இப்போது தோட்டத்தை நடத்தும் துரையிடமே போய், இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொன்னார். துரை வாகனத்திலிருந்து இறங்காமலே கேட்டார்: “நீ மூடல்லன்னா வேற ஆள் மூடும். தண்ணி வருமா அப்போ?” ராக்காயி திரும்பி வந்து சாவியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

இந்த நிலைமையில்தான் மீன்களுக்கு நல்ல காலம் பிறந்தது.

பிராந்திய நீர் முகாமைத்துவம் என்று ஒரு திட்டம் வந்தது. அந்தப் பக்கத்து ஓடைகளின் தண்ணீரைச் சனங்களுக்கும் மீன்களுக்கும் நியாயமாகப் பங்கிடுவது அதன் நோக்கம். அணைக்குக் கீழே ஓடையில் கல்லொட்டி என்று ஒரு மீன் இருக்கிறது. விரல் நீளம், ஓடும் தண்ணீரில் கல்லோடு வாயை வைத்து ஒட்டிக்கொண்டு பாசி மேயும். தண்ணீர் ஓடாவிட்டால் செத்துப்போகும். அதற்குத் தண்ணீர் விடவேண்டும் என்பதில் தப்பே இல்லை. தண்ணீரை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. தப்பு எங்கே என்றால், மீனுக்கு முதல் பங்கு என்று எழுதிய பிறகு, அந்தப் பங்கை எங்கிருந்து எடுப்பது என்று பார்த்தார்கள். குளிக்கும் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. விதிப்படி கடைசி வால்விலிருந்து எடுத்தார்கள்.

திட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் வினோஜன். டயகமவில் லயத்துக் காம்பராவில் பிறந்து, படித்து, ஹட்டனில் அறை எடுத்துத் தங்கி மோட்டார் சைக்கிளில் வந்து போகிற பொடியன். நல்லவன். அவன் வேலை ஓடைக்கரையில் வேலி போட்டு, மூன்று மொழியிலும் பலகை நடுவது: மீன் வாழிடம், தண்ணீர் எடுப்பது தடை. அந்த ஓடை கீழ்லயத்துக்குப் பின்னால் கல்லெறி தூரத்தில் ஓடுகிறது. இரவெல்லாம் சலசலவென்று மீனின் பங்கு போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சனங்கள் தாகத்தோடு தூங்கினார்கள்.

ராக்காயி கோபம் வந்தால் வினோஜனை மரியாதையாகச் சேர் என்பார், இல்லாவிட்டால் தம்பி.

“தம்பி, மீனுக்கு முதல் பங்கு. சரி. அப்போ நாங்க?”

“உங்களுக்கு ரெண்டாம் கட்டத்துல வருதுக்கா.”

“ரெண்டாம் கட்டம் எப்போ?”

“முதல் கட்டம் முடிஞ்சதும்.”

“அது எப்போ முடியும்?”

“மீன் பெருகினதும்.”

“நாங்களும் பெருகித்தான் இருக்கோம், சேர். எங்களை யாரு எண்ணினது?”

வினோஜன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான். அவனுக்கும் தெரியும். கீழ்லயத்துக்கு இன்றுவரை சொந்தமாக ஒரு முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துப் பெயருக்கு வந்து, ஒஃபிசில் கிடந்து, மனம் வந்தால் கீழே வரும். அணைக்குக் கீழே மீன் கிடக்கும் குழிக்கோ திட்டம் தொடங்கிய வாரமே இலக்கம் கொடுத்து வரைபடத்தில் ஏற்றியாயிற்று.

அந்தப் பங்குனியில் டெங்கு வந்தது. தண்ணீர்த் தொட்டிகளில் நுளம்புப் புழு இருந்தால் வழக்கு என்று சுகாதாரப் பகுதியார் வீடு வீடாகச் சொல்லிப் போனார்கள். புழுவைத் தின்னச் சின்ன மீன்களைப் பையில் கட்டிக் கொண்டுவந்து தொட்டி தொட்டியாக விட்டார்கள். பங்களா, ஃபெக்டரி, மேல்லயம் என்று விட்டு வந்து, கீழ்லயத்துக்கு வந்தபோது மீன் தீர்ந்துபோயிற்று. அந்த லயத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வால்வே இல்லாத பொருளும் கடைசியில் வந்தால் தீர்ந்துபோகிறது.

கீழ்லயத்தின் முகப்பில் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று உண்டு. அடியில் ஒரு சாண் தண்ணீர், அதில் புழு. வழக்கு வந்தால் தொட்டிக்குப் பொறுப்பான ராக்காயி மேல்தான் வரும். ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். அணைக்கு ஏறிப்போன காலை, வேலியைத் தாண்டி ஓடையில் இறங்கி, முந்தானையால் கல்லொட்டிகளை அள்ளி ஒரு வாளியில் போட்டு, பட்டப்பகலில் எல்லாரும் பார்க்கக் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். மீன் என்றால் மீன்தானே என்பது அவர் எண்ணம். கல்லொட்டி நுளம்புப் புழுவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரில் வாயை வைத்துப் பாசி மேய்ந்தது. புழுவும் மீனும் ஒரே தொட்டியில் சமாதானமாகக் குடித்தனம் நடத்தின.

இரண்டு நாள் கழித்து வினோஜன் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“என்னாக்கா இது?”

“நுளம்பு மீன்.”

“நுளம்பு மீனா? இது கல்லொட்டி! எங்க இருந்து வந்துச்சு?”

“ஓடையிலருந்து.”

“ஐயோ, பிடிச்சா வழக்குக்கா!”

“நான் பிடிக்கலையே தம்பி. கூட்டிட்டுத்தானே வந்தேன். வேணும்னா திரும்பக் கொண்டு போய் விட்டுர்றேன்.”

“வேணாம், வேணாம்! திரும்பத் தொட்டா அது ரெண்டாவது வழக்கு.”

தொட்டியில் தண்ணீர் ஒரு சாணிலிருந்து அரைச் சாணாகியிருந்தது. விட்டால் மீன் சாகும், எடுத்தால் குற்றம். ராக்காயிக்கு வழக்கு, வினோஜனுக்கு வேலை காலி. அவன் வாசலிலேயே நின்று மேலதிகாரிக்குப் போன் அடித்தான். மேலதிகாரி, காப்பாற்ற வேண்டிய மீன் எங்கே இருக்கிறதோ அதுதான் வாழிடம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் கீழ்லயத்துத் தொட்டி சட்டப்படி ஓடையாகிவிட்டது. அதற்கும் ஓர் இலக்கம் வந்தது. இலக்கத்தோடு உத்தரவும் வந்தது: இரவு பகலாகத் தண்ணீர் விடவேண்டும், முதல் பங்கிலிருந்து.

அன்றைக்கு ராக்காயி கீழ்லயத்து வால்வைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பங்குனி மாதத்தில் அந்த வால்வைத் திறப்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

தொட்டி நிரம்பியது. குடங்களோடு சனங்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் வேலியும் வந்துவிட்டது. வாழிடம் என்றால் வேலி உண்டு, பலகை உண்டு, தண்ணீர் எடுப்பது தடை. சிசிலி கோழியைத் தூக்கிவைத்துக்கொண்டு பலகையைக் காட்டினார். “பாத்துக்கோ. நமக்குன்னு ஒரு தொட்டி. அதுல மீனு குடிவந்திருச்சு. நம்மளை வெளிய போட்டு வேலி அடைச்சிட்டாங்க.”

ஆனால் நிரம்பிய தொட்டி வழியும். மேல்விளிம்பில் இருந்த ஓட்டை வழியே தண்ணீர் வேலியைத் தாண்டி வடிகாலான கானுக்குள் விழுந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு வினோஜனைப் பார்த்தார்கள். அவன் கானைப் பார்த்துச் சொன்னான்: “தொட்டிக்குள்ள இருக்கிறதுதான் எனக்குத் தெரியும். வெளிய வந்த தண்ணியைப் பத்தி எங்க உத்தரவுல ஒண்ணும் இல்ல.”

பொழுது சாய்வதற்குள் ஓட்டையில் மூங்கில் செருகி, தண்ணீர் குழாய்போல் விழ ஒரு பீலி கட்டியாயிற்று. கீழ்லயம் குளித்தது, துவைத்தது, சமைத்தது. சிசிலி கோழியைக் கூட்டில் அடைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு நேராக ராக்காயியின் வாசலில் வந்து நின்றார். “தேத்தண்ணி ஊத்திருக்கேன். குடிக்க வாறியா, இல்ல அதுக்கும் வால்வு திறக்கணுமா?”

எல்லாருக்கும் சந்தோசம் என்று சொல்ல முடியாது. பழனியாண்டி முகத்தைச் சுளித்தார். இவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், கோயில் கமிட்டித் தலைவர், நீர்ச் சங்கத் தலைவர். கீழ்லயத்தில் தலைமை தாங்கக்கூடிய எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

“மீன் குடிச்ச மிச்சத்தைக் குடிக்கிறோம். கேவலமா இல்லையா?”

“இத்தனை வருசம் பங்களாவுல குளிச்ச மிச்சத்தைத்தானே குடிச்சோம், தலைவரே?” என்றார் சிசிலி. “மீனாவது சவுக்காரம் போடாது.”

உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. வாரந்தோறும் மீன்கள் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் வாழிடம் ரத்து. கல்லொட்டியை எண்ணுவது சுலபமில்லை. ஆள் நிழல் பட்டால் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். வினோஜன் இரண்டு தரம் எண்ணினான். இரண்டு தரமும் வேறு வேறு கணக்கு.

தோட்டத்தில் உயிர்களை எண்ண ஒரே வழிதான் உண்டு. அது பெரட்டு. விடிகாலையில் களத்தில் கூட்டி நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது பதில் சொன்னவர் இருக்கிறார், சொல்லாதவர் இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக அந்த மலைகளில் ஒரு மனிதர் உலகத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதை இப்படித்தான் தீர்மானித்து வந்திருக்கிறார்கள். ராக்காயிக்கு வேறு முறை தெரியாது. ஆகவே அவர் காம்பராவுக்கு ஒரு மீன் என்று ஒப்படைத்தார். வீட்டுக்காரர் பெயரே மீனுக்கும் பெயர். வாரம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு வேலிக்கு வெளியே எல்லாரும் நிற்க வேண்டும். ராக்காயி பெயரைக் கூப்பிடுவார். அந்த வீட்டார் எட்டிப் பார்த்துத் தங்கள் மீனைக் கண்டுபிடித்து, “இருக்குங்க!” என்று கத்த வேண்டும்.

சனங்கள் தங்கள் மீன்களை அடையாளம் கண்டார்கள் என்பதை நம்பச் சிரமமாக இருக்கலாம். ஆனால் தண்ணீர் அதில் தொங்கும்போது கண் கூர்மையாகிவிடும். சிசிலியின் மீனுக்கு வாலில் ஒரு கிழிசல். பழனியாண்டியின் மீன் கடைசியாகத்தான் வெளியே வரும். அவரும் வேலைக்கு அப்படித்தான். மீனை முன்னிட்டுச் சண்டைகளும் வந்தன.

“உன் மீனு என் மீனோட மூலையைப் பிடிச்சிக்கிட்டுப் போக மாட்டேங்குது, ராக்காயி.”

“வீட்டு ஓனர் மாதிரிதானே மீனும் இருக்கும், சிசிலி? ஒரு சுவர்ல ரெண்டு குடித்தனம்னா அப்படித்தான்.”

இந்தப் பெரட்டுச் சத்தத்தை வினோஜன் போனில் பதிந்து மேலே அனுப்பினான். மேலதிகாரி கேட்டுப் பூரித்துப்போனார். சமூகப் பங்கேற்புடன் கூடிய கணக்கெடுப்பு என்று அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்தார். இனி மீன்களைப் பெரட்டு எடுத்தே எண்ணலாம் என்று பிராந்தியக் குழு ஏற்றுக்கொண்டது. காதால் கேட்டால் போதும். குனிந்து பார்க்க வேண்டியதில்லை. கொழும்பில் இருப்பவர்களுக்கு அதைவிட வசதி வேறென்ன?

பிறகு, குழுவே நேரில் வருகிறது என்று செய்தி வந்தது. பங்களா ஹோட்டலும் முன் வாசலில் ஓர் அலங்காரக் குளம் வெட்டி, எங்களிடமும் மீன் இருக்கிறது, தொட்டியின் பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டிருந்தது. பெரட்டு சரியாக இருந்தால் கீழ்லயத்துத் தொட்டி நிரந்தர வாழிடம். குறைந்தால் பங்கு பங்களாவுக்கு. அப்படியானால் அன்றைக்கே அணைக்கு ஏறிப்போய்க் கீழ்லயத்து வால்வை மூட வேண்டியவர் யார் என்பதை ராக்காயிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழு வருவதற்கு முதல் நாள் அவர் அணையின் வலையில் அடைத்த சருகை அள்ளப் போயிருந்தார். அந்த நேரத்தில் பழனியாண்டிக்கு ஞானம் பிறந்தது. மீன் வந்த பிறகுதானே தண்ணீர் வந்தது? அப்படியானால் இது மச்ச அவதாரம். நாளைய காரியம் நல்லபடி முடிய இன்றைக்கே ஓர் அபிசேகம் செய்துவிட வேண்டும். மஞ்சள், சந்தனம், தேன், பன்னீர் எல்லாம் வந்தன. பசும்பால் போதாமல் பால்மாவும் கரைத்தார்கள். தீர்த்தம் வீணாக வழிந்து போகக்கூடாது என்று, தண்ணீர் வரும் குழாயையும் போகும் ஓட்டையையும் பழைய கொழுந்துச் சாக்கால் அடைத்தார்கள். பிறகு குடம் குடமாக ஊற்றினார்கள்.

ராக்காயி இறங்கி வந்தபோது தொட்டி வெள்ளையாக இருந்தது. மேலே மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அவர் வேலிக்குள் பாய்ந்து சாக்கைப் பிடுங்கினார். தண்ணீர் வந்தது. மீன் வரவில்லை.

“என்னா செஞ்சீங்க, தலைவரே?”

“அபிசேகம்.”

“அதுக்கு மூச்சு ஓடுற தண்ணியிலங்க! பாலுல இல்ல!”

“நல்ல மனசோடதான் செஞ்சேன். ஆண்டவன் தன்கிட்ட கூப்பிட்டுக்கிட்டாரு. நம்ம கையில என்னா இருக்கு?”

“சாக்கு இருந்துச்சே,” என்றார் சிசிலி. “உங்க கையில.”

ஓடுகிற தண்ணீரை அடைத்தால் மீன் சாகும் என்பது ஓடையில் கால் நனைத்த எவருக்கும் தெரியும். பழனியாண்டிக்கும் தெரியும். ஆனால் பக்தி என்று வந்தபோது, தெரிந்ததைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்று அவருக்குப் பழக்கியிருந்தார்கள். கொன்றது பால். பழி கடவுளுக்கு. தண்ணீரை இழப்பது கீழ்லயம்.

மீன்களைப் புதைத்துவிட்டுச் சனங்கள் தொட்டியைச் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். ஒருவர் நெத்தலிக் கருவாட்டை நூலில் கட்டி மிதக்கவிடலாம் என்றார். இன்னொருவர் ஓடையில் மறுபடி அள்ளலாம் என்றார். ராக்காயி தலையை ஆட்டினார்.

“அன்னிக்குத் தெரியாம அள்ளினேன். இப்போ தெரியும். நம்மகிட்ட வந்து செத்தது போதும், மிச்சம் ஓடையிலயே கெடக்கட்டும்.”

“எதுக்கு இவ்வளவு கவலை?” என்றார் பழனியாண்டி. “பேரைக் கூப்பிட்டா இருக்குன்னு கத்துவோம். அவங்க குனிஞ்சா பாக்கப் போறாங்க?”

“நான் சொல்ல மாட்டேன்,” என்றார் சிசிலி. “தவக்காலம். செத்த மீனை இருக்குன்னு சொல்லவா? இத்தனை நாள் இறைச்சியைத் தொடாம வாயைக் கட்டிட்டு இருக்கேன். உங்க பாலுக்காக அதை வீணாக்கச் சொல்றீங்களா?”

ராக்காயி சாவியை ஊன்றிக்கொண்டு நின்றார். மீன்களின் பெயர்களை மனதுக்குள் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். சிசிலி. பழனியாண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் எதிரிலேயே நின்றது.

“யாரும் பொய் சொல்ல வேணாம்,” என்றார். “நாளைக்குப் பெரட்டுக்கு எல்லாரும் வாங்க. பேர் கூப்பிட்டா, இருந்தா, இருக்கேன்னு சொல்லுங்க. இல்லாட்டிச் சும்மா இருங்க.”

சிசிலி கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். அதில் பாவம் எதுவும் அகப்படவில்லை.

அன்று இரவு ஒரு பாட்டம் தூறியது. தேயிலை மலையில் தூறல் விழுந்தால் முதலில் எழுந்து வருவது அட்டை. காலையில் குழுவின் ஜீப் லயத்துக்கு மேலே பாதையில் வந்து நின்றது. ஐயாமார் இருவர், அம்மா ஒருவர்; தோட்டத்துப் பேச்சில் இரண்டு மஹத்தயா, ஒரு நோனா. ஒரு மஹத்தயா வெள்ளைச் சப்பாத்தோடு புல்லில் காலை வைத்தார். அதே வேகத்தில் காலை எடுத்தார். கணுக்காலில் இருந்ததைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை மட்டும் நாலு விரல் அளவுக்கு இறக்கினார்கள்.

வினோஜன் தனியாக இறங்கி வந்து தொட்டியைப் பார்த்தான். மூலை மூலையாகத் தேடினான்.

“அக்கா, மீன் எங்க?”

“செத்துப் போச்சு தம்பி. நேத்து.”

“நான் என்னா சொல்றது அவங்ககிட்ட?”

“நீங்க எதுக்குச் சொல்றீங்க? அவங்க கேக்கத்தானே வந்திருக்காங்க. கேக்கட்டும்.”

“ஹரி, ஹரி, படங்கன்ன!” என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது. தொடங்கச் சொல்லியாயிற்று.

ராக்காயி தொட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.

“சிசிலி!”

சிசிலி ஒரு தரம் தன் கைகளைத் தானே பார்த்துக்கொண்டார். “இருக்கேன்!”

“பழனியாண்டி!”

பதில் இல்லை. எல்லாரும் திரும்பினார்கள். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். “இருக்கேங்க, இருக்கேங்க!”

வீட்டுக்காரர் பெயர்கள் முடிந்தன. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ராக்காயிக்கு நிறுத்த மனம் வரவில்லை. மனைவிமார் பெயரைக் கூப்பிட்டார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பெயரைக் கூப்பிட்டார். கொழும்புக் கடையில் வேலைக்கு இருந்து அன்றைக்கென்று லீவில் வந்திருந்தவர்களைக் கூப்பிட்டார். படுக்கையில் கிடந்த ஒருவர் காம்பராவுக்குள்ளிருந்தே, “இருக்கேன்! எந்திரிக்கத்தான் முடியல!” என்று கத்தினார். கடைசியாக ஒரு கைக்குழந்தையைக் கூப்பிட்டார். தாய் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்க, குழந்தையே வீரிட்டு அழுது பதில் சொன்னது. அவ்வளவு காலமும் அந்த லயத்தில் பெரட்டு என்றால் வேலைக்கு. வேலை செய்ய முடியாதவர் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. இன்று தண்ணீருக்குப் பெயர் கூப்பிட்டார்கள். யாரும் விடுபடவில்லை.

ஜீப்புக்குள் நோனா விரல் விட்டு எண்ணி, விரல் போதாமல் கையைத் தட்டினார். போன தடவையைவிட மூன்று மடங்குக்கு மேல். இவ்வளவும் இங்கேதான் வாழ்கின்றனவா என்று வினோஜனிடம் கேட்டார்.

வினோஜன் தொட்டியைப் பார்த்தான். லயத்தைப் பார்த்தான். டயகமவில் இருக்கும் தன் தாயின் காம்பரா அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“ஆமா மேடம்,” என்றான். “எல்லாம் இங்கதான் வாழுது.”

தொட்டி நிரந்தர வாழிடமானது. இனம் மூன்று மடங்கு பெருகியதால் தண்ணீரின் அளவும் மூன்று மடங்காக உயர்ந்தது. இந்த வெற்றியைப் பற்றிக் குழு கொழும்பில் ஒரு கூட்டமும் வைத்தது. அங்கே தண்ணீர் போத்தலில் வந்தது என்று வினோஜன் சொன்னான். வாரந்தோறும் இதே பெரட்டைத் தொடரும்படி ராக்காயிக்கு உத்தரவு. அவர் தொடர்ந்தார். பொய் சொல்வது போல அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கூப்பிட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

ஆனால் கடைசி வால்வு என்று ஒன்று எப்போதும் இருக்கும். கீழ்லயம் முதல் பங்குக்குப் போனதும் கடைசி இடம் மேல்லயத்துக்கு வந்தது. அடுத்த மாசியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியபோது, மேல்லயத்திலிருந்து நாலைந்து பேர் வந்து ராக்காயியின் வாசலில் கூச்சத்தோடு நின்றார்கள்.

“அக்கா, எங்களையும் மீன் ஆக்கி விடுவீங்களா?”

சிசிலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ராக்காயி சிரிக்கவில்லை. தன் கையால் இன்னொரு லயத்தை மூடுவதற்காகவா அவர் இந்தப் பாடு பட்டார்?

“பெரட்டு ஆறு மணிக்கு. குழந்தை குட்டி எல்லாரும் வரணும். ஒண்ணு மட்டும், உங்க பக்கம் தலைவர் பால் செம்போட வந்தா உள்ள விட்டுறாதீங்க.”

அடுத்த வாரப் பெரட்டு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. வினோஜன் பதிந்து அனுப்பினான். மீன்கள் மேல்நோக்கிப் பரவுவது நல்ல அறிகுறி என்று பதில் வந்தது. மேல்லயமும் வாழிடமானது.

பங்குனியில் வறட்சி முற்றியது. தண்ணீரைக் குறைக்கச் சொல்லி ஒஃபிசிலிருந்து உத்தரவு வந்ததும் ராக்காயி சாவியை ஊன்றிக்கொண்டு அணைக்கு ஏறினார். விதியில் ஒரு எழுத்தும் மாறியிருக்கவில்லை. கடைசி வால்வை முதலில் மூட வேண்டும். வாழிடங்களைத் தவிர்த்தால் ஃபெக்டரிக்கு அடுத்து இருப்பது ஒன்றே ஒன்று. அவர் அதை மூடினார். இறுக்கமாக இருந்தது, ஒரு நாளும் மூடிப் பழகாத வால்வு.

அன்று மாலை துரை ஜீப்பை லயத்து வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியும் வந்தார்.

“ராக்காயி! பங்களாவில பைப் திறந்தா காத்து வருது! ஒரு வெள்ளைக்கார ஆள் சோப் போட்டு நிக்குது!”

“கடைசி வால்வை முதல்ல மூடச் சொல்லியிருக்குங்களே, தொரை.”

“அது லயத்துக்கு!”

“லயத்துல இப்போ மீனுங்க. மீனுக்கு மூடினா வழக்குங்க.”

துரை தொட்டியைப் பார்த்தார். பீலியில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். சிசிலியின் கோழியையும் பார்த்தார். தன் தோட்டத்தில் மனிதர் என்று யாருமே மிச்சமில்லை என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

“பங்களாவுக்குத் தண்ணி எடுக்க என்னா செய்யணும்?” என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது.

“பெரிசா ஒண்ணுமில்லிங்க. அங்க இருக்கிற எல்லாரும் வந்து பேர் சொன்னாப் போதும். பெரட்டு விடிய ஆறு மணிக்கு.” ராக்காயி அவருடைய சப்பாத்தைப் பார்த்தார். “காலுக்கு நல்லா சவுக்காரம் பூசிக்கிட்டு வாங்க, தொரை. பீலி ஈரத்துல புல்லு பூரா அட்டை.”